இன்றிலிருந்து அறுபதாம் நாள்

ஐம்பத்தொன்பது வயதாகியும் எனக்குப் பாப்பாவாகவே இருக்கும் அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே நீயும் உன் கண்ணும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை. எழுத்தெல்லாம் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அண்ணன் கத்துகிறானோ என்று நினைக்காதே. உன் பார்வைக்காக எழுத்தின் அளவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு ஒன்பது வரிதான் கொள்கிறது. கவரின் கனத்தைப் பார்த்து ஏதோ வக்கீல் அனுப்பியது என்று பயந்துவிடாதே.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போன வாரம் நான் 'தேதி' என்று ஆரம்பித்ததுமே, "அண்ணா, உங்க தேதிக்குக் கால் முளைச்சிருக்கு. அது பாட்டுக்கு நடக்கட்டும், எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாய். உன் கோபம் நியாயம்தான். நான்கு மாதத்தில் இரண்டு கடிதம் போட்டேன். இரண்டிலும் இன்ன தேதியில் வேலையிலிருந்து விடைபெற்று, பெட்டியோடு உன் வீட்டு மாடியறைக்கு வந்துவிடுவேன் என்று எழுதினேன். அதை நம்பி நீ இரண்டு முறை கண் ஆபரேஷனுக்கு நாள் வாங்கினாய், இரண்டு முறையும் ரத்து செய்தாய். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாதம் பக்கத்திலிருந்து சொட்டு மருந்து விட ஆள் வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உன் மகளுக்கோ லீவு கிடைக்காது. மூன்றாவது முறை நாள் கேட்கப் போனபோது டாக்டரின் உதவியாளர், "உங்க அண்ணன்னு நிஜமாவே ஒருத்தர் இருக்காரா?" என்று கேட்டாராமே. இருக்கிறேன் என்று சொல். என் மேல் தப்பில்லை என்றும் சொல். முழுக் கதையையும் கேட்டால் நீயே 'ஐயோ பாவம் அண்ணன்' என்பாய்.

எல்லாம் பேக்கரிக்காரரிடமிருந்து தொடங்கியது. எங்கள் பட்டறைக்குக் கடைகளிலிருந்தும் கிளினிக்குகளிலிருந்தும் தராசுகள் வரும், நான் கல் வைத்துச் சோதித்து, சரியாக இருந்தால் சான்றிதழ் எழுதிக் கொடுப்பேன், அதன் அடியில் அடுத்த பரிசோதனை எந்தத் தேதியில் என்று போடுவேன், இது உனக்குத் தெரிந்ததுதான். முப்பத்தெட்டு வருடமாக அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரைப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, கையால்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி பேக்கரிக்காரரின் தராசைச் சோதித்துவிட்டு, அடுத்த பரிசோதனை அடுத்த வருடம் பிப்ரவரி இருபத்தொன்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த மனிதர் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுவருடம் நினைவூட்டப் போனால், காலண்டரை எடுத்து மேஜை மேல் விரித்து, "இந்தத் தேதி எங்க இருக்குன்னு காட்டுங்க சார், அன்னிக்கே தூக்கிட்டு வர்றேன்" என்றார். எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. தராசு முள் காட்டியதை எழுத வேண்டும், எழுதியதை அடிக்கவோ திருத்தவோ யாருக்கும் உரிமை கிடையாது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தச் சட்டத்தை முதல் நாளே காதில் ஓதுவது நான்தான். ஆகவே என்னாலேயே அதைத் திருத்த முடியவில்லை. பேக்கரிக்காரர் இன்னும் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறார்.

இதைக் கேட்டு எங்கள் முதலாளி அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அப்பா காலத்தில் எல்லாம் பேரேடுதான். இவருக்குக் காகிதம் என்றாலே தும்மல் வரும், நிஜமாகவே தும்மல். இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று ஒருவரை வரவழைத்தார். ஐம்பது வயது இருக்கும், மூக்கு நுனியில் கண்ணாடி, எதைக் கேட்டாலும் "சிம்பிள் சார்" என்பார். அதனால் அவருக்கு எங்கள் பட்டறையில் பெயரே சிம்பிள் சார். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து சான்றிதழில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்க ஒரு பெட்டி இருக்கு சார், கண்ணுக்குத் தெரியாது. இன்னிக்குத் தேதியை அதுவே எடுத்துக்கும், நீங்க சொல்ற நாளை அதுவே கூட்டிக்கும். மாசம் முப்பதா முப்பத்தொண்ணா, லீப் வருஷமா, நீங்க எதையும் யோசிக்க வேண்டாம். சிம்பிள் சார்" என்றார்.

பாப்பா, அந்தப் பெட்டி மேல் எனக்கு எவ்வளவு பிரியம் வந்துவிட்டது தெரியுமா? கடைத் தராசுக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், குழந்தைகளை நிறுக்கும் தராசுக்குத் தொண்ணூறு நாள் என்று எண்ணைப் போட்டால் போதும், கண்ணை மூடித் திறப்பதற்குள் தேதி வந்து நிற்கும். விரலுக்கு வேலை போய்விட்டது. பிறகு கண்டதற்கெல்லாம் பெட்டி போட ஆரம்பித்தேன். முடி வெட்ட வேண்டிய நாள், இன்றிலிருந்து முப்பது என்று ஒரு தாள் தயாரித்து வைத்தேன். தினமும் காலையில் திறந்து பார்ப்பேன், இன்னும் முப்பது நாள் இருக்கும், நிம்மதியாக மூடிவிடுவேன். முடி காலரைத் தொட்டு, காலரைத் தாண்டி, ஒரு நாள் முதலாளி அம்மா, "ஏன் சார், பாகவதர் மாதிரி கச்சேரி பண்ணப் போறீங்களா?" என்று கேட்கிற வரைக்கும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. முடி சீக்கிரம் வளர்கிறது, இந்த வயதில் இது நல்ல அறிகுறி என்றே நினைத்துக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் உன் கண்ணில் புரை என்று போன் வந்தது. "உங்க கைதான் நடுங்காதுண்ணா, நீங்க வந்து மருந்து விட்டா போதும்" என்றாய். அன்றைக்கே ராஜினாமாக் கடிதம் அடித்தேன். வயதாகிவிட்டது, தங்கைக்கு உதவியாக இருக்க வேண்டும், இன்றிலிருந்து அறுபதாம் நாள் என்னை விடுவிக்க வேண்டுகிறேன் என்று அழகாக எழுதி, அந்தத் தேதிக்கும் பெட்டி போட்டு, கம்ப்யூட்டரில் முதலாளி அம்மாவும் திறந்து பார்க்கிற இடத்தில் சேர்த்துவிட்டேன். காகிதம் கொடுத்தால் தும்முவார் அல்லவா. அதே தேதியை உனக்கும் எழுதினேன். அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் கடிதத்தைத் திறந்து பார்த்து, "இன்னும் நாள் இருக்கு, புது ஆள் தேட அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து நடந்தது குழந்தைகள் கிளினிக் நர்ஸ் விவகாரம். ஒரு நாள் காலையில் அந்த அம்மாள் குழந்தைத் தராசை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் வைத்தார். "சார், ஒரு மாசமா எங்க கிளினிக்குல ஒரு குழந்தைகூட இளைக்கலை" என்றார். நல்ல விஷயம்தானே அம்மா என்றேன். "எல்லாத் தாய்மாரும் சந்தோஷமாப் போறாங்க. வயித்துப்போக்கு வந்த குழந்தைகூட எடை கூடியிருக்கு. அதான் தராசையே தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார். அறைக் கதவைச் சாத்தி, காற்று தட்டை ஆட்டாமல் இருக்க மின்விசிறியை நிறுத்தி, மூச்சையும் பாதி நிறுத்தி, கல் வைத்துப் பார்த்தேன். நூற்றைம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. ஏன் முன்னாலேயே கொண்டுவரவில்லை என்று கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர் அதைவிட உயர்த்தி, "நீங்க ஏன் ஞாபகப்படுத்தலை?" என்றார். கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினேன், அடுத்த பரிசோதனைக்கு இன்னும் தொண்ணூறு நாள். அவர் கைப்பையிலிருந்து நாங்கள் அச்செடுத்துக் கொடுத்த சான்றிதழை எடுத்து நீட்டினார், தேதி முடிந்து மூன்று வாரம். ஒரே சான்றிதழ், இரண்டு தேதி. முதலாளி அம்மா அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சிம்பிள் சாருக்குப் போன் போட்டேன்.

சிம்பிள் சார் வந்தார். "ஆமா சார், திறக்கும்போதெல்லாம் இன்னிக்குத் தேதியை எடுத்துக் கூட்டும். அதான் அதோட வேலை" என்றார், ஏதோ நாங்கள்தான் அதைத் தொந்தரவு செய்துவிட்டதுபோல. நான் வாரா வாரம் எல்லாச் சான்றிதழ்களையும் திறந்து யாருக்கு நாள் நெருங்குகிறது என்று பார்ப்பேன், திறந்ததுமே ஒருவருக்கும் நெருங்கியிருக்காது. மாதக்கணக்கில் ஒரு நினைவூட்டலும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஊரே ஒழுங்காகிவிட்டது என்று பூரித்துப்போயிருந்தேன். நல்ல வேளை, தராசு மேஜையில் நான் ரகசியமாக வைத்திருக்கும் பென்சில் நோட்டில் சோதித்த தேதி எல்லாம் இருந்தது. அதைப் பார்த்து நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்களும் ஒன்பது நாளில் சரிசெய்யப்பட்டன. நர்ஸ் அம்மாள் குழந்தைகளை எல்லாம் மறுபடி கூப்பிட்டு நிறுத்தார். ஒரு குழந்தைக்கும் ஆபத்தில்லை, தாய்மார்களுக்குத்தான் முகம் வாடிவிட்டது. பட்டறையில் எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஆனால் என் ராஜினாமாக் கடிதத்திலும் அதே நோய் இருக்கும் என்று யார் கண்டது? அறுபதாம் நாள் காலை சட்டையை இஸ்திரி போட்டு, மேஜை டிராயரைக் காலி செய்து, எடைக்கல் எடுக்கும் என் இடுக்கியையும் கண்ணாடிக் கூட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனேன். எங்கே கிளம்பிட்டீங்க என்றார். இன்றோடு விடைபெறுகிறேன் அம்மா என்றேன். அவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "இன்னும் அறுபது நாள் இருக்கே. நீங்கதானே எழுதியிருக்கீங்க" என்றார். எழுதியதை மாற்றக் கூடாது என்று ஊருக்கு ஓதியவன் நான், என் எழுத்தை நானே எப்படி மறுப்பது? பையைக் கொண்டுபோய் மறுபடி டிராயரில் கொட்டினேன். சாயங்காலம் உனக்கு இரண்டாவது கடிதம் போட்டேன். பத்து நாளைக்கு முன் இன்னும் ஒரு அறுபதும் முடிந்தது. அதே சட்டை, அதே இஸ்திரி, அதே பை, அதே திரை, அதே அறுபது. இந்த முறை அம்மா சிரித்துவிட்டு, "எப்ப நிறுத்தணும்னு தோணுதோ அப்ப நிறுத்துங்க சார்" என்றார். மெஷினைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று விளங்கவில்லை.

ஆகவே பாப்பா, நடந்ததற்கெல்லாம் காரணம் அந்தப் பெட்டிதான், பெட்டி வைத்த சிம்பிள் சார்தான், காகிதத்தைக் கண்டால் தும்மும் முதலாளி அம்மாதான். என் பங்கு இதில் ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. சிம்பிள் சார் இப்போது வெளியூர் போயிருக்கிறார், வந்ததும் என் கடிதத்தைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்கிறேன். பிறகு முறைப்படி அறுபது நாள் அறிவிப்பு. அதுவரை நீ கொஞ்சம் பொறுத்துக்கொள். போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னாயே, கதவோரம் ஆணியில் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்து நான் என்று நினைத்து, "வாங்கண்ணா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டு, பதில் வராமல் இரண்டாவது முறையும் கேட்டேன் என்று. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். கண்ணை அதிகம் கசக்காதே. வெயிலில் போனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

உன் மகளுக்கு மாமாவின் அன்பும் ஆசியும். டாக்டரின் உதவியாளருக்கு, நான் நிஜமாகவே இருக்கிறேன் என்ற செய்தியோடு என் வணக்கம். கீழ்வீட்டுத் தையல்காரர் உனக்குக் கடைத்தெருவுக்குத் துணை வருகிறார் என்று கேள்விப்பட்டேன், அவருக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன். நீ நோய்நொடி இல்லாமல், கண் தெளிந்து, நூறு வயதுவரை என்னைத் திட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: இது பேனாவில் எழுதுவது, உனக்குத் தெரிய வேண்டும் என்று பெரிதாக எழுதுகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கடிதத்தை அச்செடுத்து மடித்துக் கவருக்குள் வைத்தேன். ஒட்ட முடியவில்லை. அந்த மழைக்கோட்டு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பதில் வராமல் இரண்டாவது முறையும் கேட்டாய் என்றாயே, அந்த இரண்டாவது முறைதான் என்னை உட்கார விடவில்லை. ஆகவே மேலே எழுதியதில் ஒரு சங்கதியை விட்டுவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு சான்றிதழ்களும் 'சரிசெய்யப்பட்டன' என்று எழுதினேன் அல்லவா? செய்தவன் நான். சரியான தேதியைப் போட்டு மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் பெட்டி போய்விடும், தேதி வெறும் எழுத்தாகி அப்படியே நின்றுவிடும். சிம்பிள் சார் ஒரே ஒரு தடவை காட்டினார். பிறகு ஒன்பது நாளும் நான்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மூன்று பட்டன் எங்கே என்று என் விரல் சொல்லும். எல்லாம் முடிந்ததும் என் ராஜினாமாக் கடிதத்தைத் திறந்தேன். மூன்று விரலையும் வைத்தேன். அழுத்தாமல் எடுத்து, மூடிவிட்டேன். அப்போது உனக்குச் சொன்ன நாளுக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

பயமாக இருந்தது பாப்பா. முப்பத்தெட்டு வருடமாக ஊரில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து, 'சரியா இருக்கா சார்?' என்று என்னைத்தான் கேட்டார்கள். உன் மாடியறையில் போய் உட்கார்ந்தால் யார் வந்து கேட்பார்கள் என்று நினைத்தேன். நீ நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழவே இல்லை. முதலாளி அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது, பாவம், அவரும் சொல்லத் தயங்கியிருக்கிறார்.

இன்று சாயங்காலம் மறுபடி பட்டறைக்குப் போனேன். கடிதத்தைத் திறந்து, முதன்முதலில் எழுதிய பழைய தேதியைத் திரும்பப் போட்டு, மூன்று பட்டனையும் அழுத்தினேன். கணக்குப்படி நான் விடைபெற்று எழுபது நாளாகிறது. முதலாளி அம்மா பார்த்துவிட்டு, என் இடுக்கியை எடுத்து என் பையில் போட்டார். "இது உங்க கைக்குப் பழகினது, நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

வருகிற ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை பத்து மணி பஸ். எட்டாம் தேதிக்கு ஆபரேஷன் நாள் வாங்கிவிடு. மருந்து ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டுதான் விழும், அதற்கு நான் பொறுப்பு. மழைக்கோட்டை ஆணியிலிருந்து எடுத்து உள்ளே வை. புதன்கிழமை அந்த இடத்தில் நான் நிற்பேன். எப்ப வந்தீங்க என்று ஒரு தடவை கேள், பதில் சொல்கிறேன்.